ஆய்வேட்டுக்கு முன் ஒரு நல்ல கேள்வி

பட்டப்பின் படிப்பை மேற்கொள்ளும் பொறியியலாளர் ஒருவருக்கு மிகக் கடினமான நாள் எதுவெனக் கேட்டால், ஆய்வேட்டைச் சமர்ப்பிக்கும் நாள் என்றே பலரும் கூறுவர். அனுபவமுள்ள பேராசிரியர்கள் அவ்வாறு கூறுவதில்லை. "நீர் எதனை ஆராயப் போகிறீர்? ஏன் ஆராயப் போகிறீர்? எவ்வாறு? எப்போது முடிப்பீர்?" என்று மேற்பார்வையாளர் வினவும் முதல் நாளே கடினமானது என்பர். அந்த நான்கு வினாக்களுக்கும் சில பக்கங்களில் எழுத்து மூலம் அளிக்கப்படும் விடைக்கே ஆய்வு முன்மொழிவு என்று பெயர். அப்பக்கங்கள் செவ்வையாக அமைந்துவிட்டால் ஆய்வின் பாதி முடிந்ததற்குச் சமம். அவை பிழைத்துவிட்டால் பின்னர் எழுதப்படும் நூற்றைம்பது பக்கங்களாலும் அதனைச் சீர்செய்ய இயலாது.

நாம் கலைத்துறையிற் பட்டம் பெற்றவர்கள், பொறியியலாளர் அல்லர். ஆயினும் இவ்விடயம் பற்றி எழுத முற்படுவதற்குக் காரணம் உண்டு. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியற் பீடம் கிளிநொச்சி அறிவியல்நகரில் 2014 ஆம் ஆண்டு செயற்படத் தொடங்கியது. அங்கும் பேராதனை, மொறட்டுவைப் பல்கலைக்கழகங்களிலும் பட்டம் பெற்ற எமது பிள்ளைகள் பலர் இன்று வடக்கின் திணைக்களங்களிற் பணியாற்றிக்கொண்டே முதுமாணிப் படிப்பையும் தொடர்கின்றனர். தமது பணிக்களத்தையே ஆய்வுக்களமாகக் கொள்ளும் வாய்ப்பு அவர்களுக்கு உண்டு. அவர்கள் எதனைக் கேள்வியாக எடுத்துக்கொள்கிறார்கள் என்பது அவர்களது சான்றிதழோடு முடிந்துவிடும் விடயமன்று. குடாநாட்டின் ஒவ்வொரு கிணற்றையும் அது தொடுகின்றது.

தலைப்பு வேறு, கேள்வி வேறு

முதுமாணி மாணவர்களிடம் ஆய்வுத் தலைப்பு என்னவென்று வினவினால் அடிக்கடி கிடைக்கும் பதில் ஒன்றுண்டு. "யாழ். குடாநாட்டின் நிலத்தடி நீர் மாசடைதல்" என்பதே அது. கேட்பதற்குக் கனதியான தலைப்புத்தான். ஆனால் ஆய்வு செய்வதற்கு அது உதவாது. ஒரு திணைக்களம் முப்பது ஆண்டுகள் செய்யவேண்டிய பணியை ஒரு தனி மனிதரின் ஓராண்டுத் தோளில் ஏற்றும் தலைப்பு அது. அகல உழுவதிலும் ஆழ உழு என்று எமது கமக்காரர் சொல்லிவந்த முதுமொழி வயலுக்கு மட்டும் உரியதன்று.

இத்தலைப்பையே எடுத்துக்கொண்டு, அது எவ்வாறு ஒரு கேள்வியாகக் குறுகவேண்டும் என்பதைப் பார்ப்போம்.

குடாநாட்டில் ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு கிடையாது. மழைக்காலத்தில் மாத்திரம் ஓடும் வழுக்கையாறே எமக்குரியது. ஆண்டுக்கு ஏறத்தாழ 1,250 மில்லிமீற்றர் மழை; அதிலும் பெரும்பகுதி ஒக்டோபர் முதல் டிசெம்பர் வரை கொட்டித் தீர்ந்துவிடும். அந்நீர் சுண்ணாம்புக் கற்பாறையின் வெடிப்புகளிலும் குகைகளிலும் இறங்கி, கீழுள்ள கடல்நீரின் மேல் ஒரு வில்லையைப் போல மிதக்கின்றது. வலிகாமம், வடமராட்சி, தென்மராட்சி, தீவகம் என நான்கு பெரும் நீர்ப்படுக்கைகள் இவ்வாறு அமைந்துள்ளன. கடல் மட்டத்துக்கு மேல் ஓரடி நன்னீர் நின்றால் அதன் கீழே ஏறத்தாழ 40 அடி நன்னீர் நிற்கும் என்பது நூறாண்டுக்கு மேலாக நீரியலாளர் கையாளும் கணக்கு. மேலே ஓரடி குறைந்தால் கீழே உவர்நீர் 40 அடி ஏறும் என்பதே அதன் மறுபக்கம். மேலே நன்னீரும் ஆழத்தில் உவர்நீருமாக நிற்கும் புத்தூர் நிலாவரைக் கிணறு இதற்குக் கண்கண்ட சாட்சி.

ஆக, நீர் மாசடைதல் என்ற ஒரு சொல்லுக்குள் பல நோய்கள் அடங்கியுள்ளன. கரையோரத்தில் உவர்நீர் ஏறுவது ஒன்று. வெங்காயமும் புகையிலையும் உருளைக்கிழங்கும் விளையும் செம்மண் தோட்டங்களில் இடப்படும் உரத்திலிருந்து நைத்திரேற்று இறங்குவது மற்றொன்று. நகர்ப்புறத்தில் மலக்குழிகளிலிருந்து கிருமிகள் கசிவது வேறொன்று. சுன்னாகத்திற் கண்ட கழிவு எண்ணெய் இன்னொன்று. இவற்றுள் ஒன்றைத் தெரிவுசெய்யும்போதே ஆய்வு தொடங்குகின்றது.

நைத்திரேற்றைத் தெரிவுசெய்ததாக வைத்துக்கொள்வோம். இப்போதும் அது தலைப்புத்தான். "செம்மண் பிரதேசத்தில் உள்ள ஒரு கிராமத்தில், முதல் மழை பெய்து எத்தனை நாள்களில் தோட்டக் கிணறுகளில் நைத்திரேற்று உயர்கின்றது? அதே கிராமத்தின் வீட்டுக் கிணறுகளிலும் அவ்வாறே நிகழ்கின்றதா?" என்று எழுதும்போதுதான் அது கேள்வியாகின்றது. இடம், காலம், அளக்கப்படும் பொருள், ஒப்பிடப்படும் பொருள் ஆகிய நான்கும் அதில் உள்ளன. எல்லாவற்றுக்கும் மேலாக, ஆம் அல்லது இல்லை என்று விடை வரக்கூடிய கேள்வி அது. இல்லை என்று விடை வந்தாலும் ஆய்வு தோற்றுவிடாது. உரத்தைவிட மலக்குழிகளே காரணமாக இருக்கலாம் என்ற அடுத்த கேள்விக்கு அது வழிதிறக்கும்.

முன்னோர் விட்டுச்சென்றவை

அடுத்த படி, இதுவரை பிறர் செய்தவற்றை அறிதல். இணையத்தில் தேடிக் கிடைத்த நாற்பது கட்டுரைகளின் பெயர்களை வரிசைப்படுத்துவது இதற்குப் போதாது. எவர் எதனை அளந்தார், எங்கே அளந்தார், எந்த மாதத்தில் அளந்தார், எதனை அளக்காது விட்டார் என்று பிரித்துப் பார்த்தல் வேண்டும். அந்த விடுபட்ட இடமே புதிய மாணவருக்குரிய காணி.

எமது மண்ணில் இதற்கு நல்ல முன்னோடிகள் உண்டு. நீர்ப்பாசனப் பொறியியலாளர் சண்முகம் ஆறுமுகம் 1954 இல் முன்வைத்த 'யாழ்ப்பாணத்துக்கு ஓர் ஆறு' திட்டம் இன்றும் பேசப்படுகின்றது. கனகராயன் ஆறு கொண்டுவந்து சேர்க்கும் நீரை ஆனையிறவுக் கடனீரேரியில் மறித்து, முள்ளியான் கால்வாய் வழியாக வடமராட்சிக் கடனீரேரிக்கும், அங்கிருந்து உப்பாற்றுக்கும் கொண்டுசெல்வது அதன் சாரம். தொண்டைமானாற்றிலும் அரியாலையிலும் தடுப்பணைகள் எழுந்தன; திட்டம் முழுமை பெறவில்லை. இன்று ஒரு மாணவர் இத்திட்டம் முழுவதையும் மீண்டும் முன்மொழியவேண்டியதில்லை. ஒரு தடுப்பணையின் கதவுகள் மூடப்பட்டிருக்கும் காலத்தில் அதனை அண்டிய கிணறுகளின் உவர்த்தன்மை எவ்வளவு குறைகின்றது என்று அளந்தாலே போதும். ஆறுமுகம் எண்ணிப் பார்த்த ஒன்றைச் சோதித்து அறிந்தவராவார்.

பழைய அளவீடுகளைக் கையாளும்போது ஒரு விடயத்திற் கவனம் வேண்டும். குடிநீரில் நைத்திரேற்று லீற்றருக்கு 50 மில்லிகிராமைத் தாண்டலாகாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டல். சில ஆய்வாளர் முழு நைத்திரேற்றையும் அளந்து எழுதுவர். வேறு சிலர் அதிலுள்ள நைதரசனை மாத்திரம் எழுதுவர். இரண்டாவது முறையில் அதே எல்லை ஏறத்தாழ 11 மில்லிகிராம் ஆகும். ஓர் அறிக்கையில் 10 என்று காணப்பட்டால், முதல் முறைப்படி அது கவலையற்ற நீர். இரண்டாவது முறைப்படி எல்லையைத் தொட்டுக்கொண்டு நிற்கும் நீர். இவ்வேறுபாட்டைக் கவனியாது இருவேறு அறிக்கைகளை ஒரே அட்டவணையில் இட்டால், அந்த ஆய்வேட்டின் அத்திவாரமே ஆட்டங்காணும்.

அளப்பது எவ்வாறு?

முன்மொழிவின் இதயம் செய்முறை பற்றிய பகுதிதான். "நீர் மாதிரிகள் சேகரிக்கப்பட்டுப் பரிசோதிக்கப்படும்" என்ற ஒரே வரியோடு நின்றுவிடும் முன்மொழிவுகள் உண்டு. எத்தனை கிணறுகள், அவை எவ்வாறு தெரிவுசெய்யப்பட்டன, எத்தனை தடவை, எந்த ஆழத்திலிருந்து, எந்தப் போத்தலில், எத்தனை மணி நேரத்துக்குள் ஆய்வுகூடத்தைச் சேரும் என்பனவெல்லாம் அதிலே சொல்லப்பட்டாக வேண்டும். எண்ணெயைப் பரிசோதிக்கும் நீரைக் கண்ணாடிப் போத்தலில் எடுத்து, அமிலமிட்டு, குளிரூட்டி வைக்கவேண்டும். பிளாஸ்ரிக் போத்தலில் எடுத்தால் எண்ணெயில் ஒரு பகுதி அதன் சுவரிலேயே ஒட்டிக்கொள்ளும். நைத்திரேற்றுக்குரிய நீரைக் குளிரில் வைத்து இரண்டு நாள்களுக்குள் பரிசோதித்தல் நன்று.

இவை சிறிய விடயங்களாகத் தோன்றலாம். சுன்னாகத்தை நினைத்துப் பார்த்தால் அவ்வாறு தோன்றாது. அங்குள்ள கிணறுகளில் எண்ணெய் மிதப்பதாக மக்கள் முறையிட்டபோது, ஓர் அறிக்கை ஒன்றைச் சொன்னது. மற்றோர் அறிக்கை வேறொன்றைச் சொன்னது. எதனை நம்புவது, எந்த நீரைக் குடிப்பது என்று தெரியாது மக்கள் திகைத்தனர். ஈற்றில் 2019 ஏப்ரலில் உயர் நீதிமன்றம் அங்கு இயங்கிய மின்னுற்பத்தி நிறுவனத்தை 2 கோடி ரூபா இழப்பீடு செலுத்துமாறு பணித்தது. அனர்த்தம் நிகழ்வதற்கு முந்திய ஆண்டுகளில் அக்கிணறுகளின் நீர் எவ்வாறிருந்தது என்பதை ஒரே முறையில் ஒழுங்காக அளந்த பதிவுகள் நிறைய இருந்திருப்பின், வாதப்பிரதிவாதங்கள் பெருமளவு குறைந்திருக்கும். ஆரவாரமின்றி ஒரு மாணவர் இன்று எழுதிவைக்கும் அட்டவணை, பத்தாண்டுகளின் பின் ஒரு கிராமத்தின் சாட்சியமாக நிற்கக்கூடும்.

மழை காத்திருக்காது

காலக்கணக்கைப் பார்ப்போம். இலங்கைத் தகைமைச் சட்டகத்தின்படி, ஆய்வை உள்ளடக்கிய முதுமாணிப் பட்டத்தில் ஆய்வுக்குக் குறைந்தது 15 திறமைப்புள்ளிகள் ஒதுக்கப்படவேண்டும். ஆய்வில் ஒரு புள்ளிக்கு 100 மணி நேர உழைப்பு எனக் கொள்ளப்படுவதால் மொத்தம் 1,500 மணி நேரம். அலுவலகம் சென்றுவரும் ஒருவர் வாரத்துக்கு 20 மணி நேரம் ஒதுக்கினாலும் 75 வாரங்கள் வேண்டும். ஏறத்தாழ ஒன்றரை ஆண்டு. ஆறு மாதத்தில் முடித்துவிடலாம் என்று எழுதுபவர் தம்மையே ஏமாற்றிக்கொள்கிறார்.

இதனோடு பருவமும் சேர்ந்துகொள்கின்றது. நாம் எடுத்துக்கொண்ட கேள்விக்கு, மழைக்கு முந்திய நீரையும் மழைக்குப் பிந்திய நீரையும் ஒப்பிட்டாக வேண்டும். எனவே செப்டெம்பர் நடுப்பகுதியில் முதல் மாதிரி எடுக்கப்படவேண்டும். ஓகஸ்டில் கருவிகள் சரிபார்க்கப்பட்டுக் கிணறுகள் தெரிவாகியிருக்கவேண்டும். அப்படியானால் முன்மொழிவு யூன் அல்லது யூலையில் ஏற்றுக்கொள்ளப்பட்டிருத்தல் அவசியம். டிசெம்பரில் அனுமதி பெறும் மாணவர் அடுத்த மாரியை எதிர்பார்த்து ஓராண்டு காத்திருக்க நேரும். எந்தப் பல்கலைக்கழகத்தின் நாட்காட்டியையும் பார்த்து ஐப்பசி மழை பெய்வதில்லை.

பணமும் அவ்வாறே. 12 கிணறுகளில் வாரம் ஒரு தடவை 16 வாரங்களுக்கு நீர் எடுத்தால் 192 மாதிரிகள். முடிவுகளைச் சரிபார்க்க 20 இரட்டை மாதிரிகளையும் சேர்த்தால் 212. பரிசோதனை ஒன்றுக்கு ஆயிரம் ரூபா என்று வைத்துக்கொண்டாலும் 2 இலட்சத்து 12 ஆயிரம் ரூபா. பயணச் செலவு வேறு. இக்கணக்கை முன்மொழிவிலேயே போட்டுப் பார்ப்பவர், வாரத்துக்கு ஒன்றா, இரு வாரத்துக்கு ஒன்றா என்பதை அப்போதே தீர்மானித்துக்கொள்வார். போடாதவர் பாதி வழியில் மாதிரிகளைக் குறைப்பார், ஆய்வும் குறைபட்டுப்போகும்.

கிணற்றுக்கு உரியவர் ஒருவர் உண்டு

பொறியியல் முன்மொழிவுகளில் மனிதர்களுக்கென்று தனியிடம் ஒதுக்கப்படுவது குறைவு. அதன் விளைவை நாம் கண்ணாரக் கண்டுள்ளோம். இரணைமடுக் குளத்து நீரை யாழ்ப்பாணத்துக்குக் குடிநீராகக் கொண்டுவரும் திட்டம் பொறியியல் வரைபடத்தில் நேர்த்தியாகவே இருந்தது. ஆனால் தமது வயலுக்கு என்ன நேருமென்று அஞ்சிய கிளிநொச்சிக் கமக்காரர் அதனை எதிர்த்தனர். இரு பகுதியினரும் தமிழ் மக்கள். இரு பகுதியினரின் தேவையும் நியாயமானது. முடிவில் கடல்நீரைக் குடிநீராக்கும் மாற்றுவழி நாடப்பட்டு, நாளொன்றுக்கு 24,000 கன மீற்றர் கொள்ளளவு கொண்ட தாளையடி நிலையம் 2024 ஓகஸ்டில் திறந்துவைக்கப்பட்டது. இதனால் பாதிக்கப்படக்கூடியவர் யார் என்ற வினா முதற் பக்கத்திலேயே எழுப்பப்பட வேண்டும் என்பதே இங்கு மாணவர் கற்கவேண்டிய பாடம்.

இத்தகைய வினாவை எழுப்புவோருக்குக் குடாநாட்டில் அரிய ஆய்வுக்களங்கள் காத்திருக்கின்றன. வலிகாமம் வடக்கில் உயர்பாதுகாப்பு வலயமாக இருந்த காணிகள் இருபது ஆண்டுகளுக்கு மேலாகப் பயிரிடப்படாது கிடந்து, பின்னர் பகுதி பகுதியாக விடுவிக்கப்பட்டன. விடுவிக்கப்படாதவை இன்னும் உள. உரமே இடப்படாத அம்மண்ணின் கிணற்று நீர் அயலிலுள்ள தோட்டக் கிணற்று நீரிலிருந்து எவ்வாறு வேறுபடுகின்றது? மீளக்குடியமர்ந்தோர் தோட்டஞ் செய்யத் தொடங்கியபின் அது எவ்வளவு விரைவில் மாறுகின்றது? நிலத்தடி நீர் வேலியைப் பார்த்து நிற்பதில்லை என்பதால் அதன் ஓட்டத் திசையையும் கருத்திற்கொண்டே கிணறுகளைத் தெரிதல் வேண்டும். எனினும் இது உலகில் வேறெங்கும் எளிதிற் கிடையாத களம்.

நகரத்துக்கு வருவோம். 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்ட முஸ்லிம் மக்கள் சோனகதெருவுக்கும் ஐந்துசந்திப் பகுதிக்கும் படிப்படியாகத் திரும்பி வீடுகளைத் திருத்தியும் புதிதாகக் கட்டியும் வருகின்றனர். அங்கும் குருநகர், நாவாந்துறை போன்ற நெருக்கமான குடியிருப்புகளிலும் காணிகள் சிறியவை. கிணற்றுக்கும் மலக்குழிக்கும் இடையிலுள்ள தூரம் சில பாகங்களே. வெடிப்புகள் நிறைந்த சுண்ணாம்புப் பாறையில் எவ்வளவு தூரம் பாதுகாப்பானது? சிறிய காணிக்குப் பொருந்தும் மூடிய மலக்குழி எத்தகையது? பள்ளிவாசலில் வுழூச் செய்யும் நீரும் கோயிற் கிணற்றில் அபிஷேகத்துக்கு அள்ளும் நீரும் ஒரே பாறையினூடாக வருபவை. இக்கேள்விக்கு விடை காணும் ஆய்வேடு எச்சமூகத்துக்கும் பொதுவானது.

கிணற்றுக்குச் சொந்தக்காரரிடம் அனுமதி பெறுவது மரியாதை மட்டுமன்று, கடமையுமாகும். அனுமதி பெறும்போதே முடிவை அவருக்கு அறிவிப்பதாக வாக்களித்து, அதனை முன்மொழிவிலும் எழுதவேண்டும். கைக்குழந்தை உள்ள வீட்டுக் கிணற்றில் நைத்திரேற்று எல்லையைத் தாண்டியிருப்பதைக் கண்ட மாணவர், ஆய்வேடு அச்சாகும்வரை மௌனமாக இருக்கலாகாது. ஆறு மாதத்துக்குட்பட்ட, புட்டிப்பால் அருந்தும் குழந்தைகளின் உடல் நீலம்பாரிக்கும் நோய்க்கு அது காரணமாகலாம். நீரைக் கொதிக்கவைத்தால் நைத்திரேற்று நீங்காது. நீர் வற்ற வற்றச் செறிவு கூடவே செய்யும். இதனை அத்தாயிடம் சொல்வதும் பொறியியலாளரின் பணியே.

எழுதும்போது

முன்மொழிவின் அமைப்புப் பற்றிச் சுருக்கமாகக் கூறுவதாயின், பிரச்சினை ஒரு பந்தியில் வரட்டும். கேள்வி ஒன்று அல்லது இரண்டு வாக்கியங்களில் அமையட்டும். முன்னைய ஆய்வுகள், அவை விட்ட இடைவெளி, செய்முறை, கால அட்டவணை, செலவு, அனுமதிகள் என்பன முறையே தொடரட்டும். இந்த ஆய்வு எதனைச் சொல்லமாட்டாது என்பதற்கும் ஒரு பந்தி வேண்டும். ஒரு கிராமத்தில் ஒரு மாரியில் கண்டதைக் கொண்டு குடாநாடு முழுவதற்கும் தீர்ப்பெழுத முடியாது என்பதை ஒப்புக்கொள்வது பலவீனமன்று. பரீட்சகர் அந்த நேர்மையையே முதலில் தேடுவர். துறைசாராத ஒருவரிடம், வீட்டிலுள்ள தாயிடமோ தமையனிடமோ, ஐந்து நிமிடத்திற் சொல்லிப் பார்ப்பதும் நல்ல சோதனை. அவர்களுக்கு விளங்காத கேள்வி இன்னும் எழுதியவருக்கே விளங்கவில்லை என்று கொள்ளலாம்.

மாணவரை மட்டும் நோக்கி அறிவுரை கூறுவது நியாயமாகாது. மழை, நீர்மட்டம், நீரின் தரம் தொடர்பான பதிவுகளை வைத்திருக்கும் திணைக்களங்கள் ஆய்வாளருக்கு அவற்றைக் காலந்தாழ்த்தாது வழங்கவேண்டும். முடிவுற்ற ஆய்வேடுகள் நூலக அலுமாரியில் உறங்காது, தமிழில் இரண்டு பக்கச் சுருக்கமாகவேனும் பிரதேச சபைகளையும் கமக்காரர் அமைப்புகளையும் பள்ளிவாசல், ஆலய பரிபாலன சபைகளையும் சென்றடைதல் வேண்டும். அச்சுருக்கத்தையும் ஆய்வுத் திட்டத்தின் ஒரு படியாக முன்மொழிவிலேயே சேர்க்குமாறு பீடங்கள் கோரினால் என்ன?

போரும் இடப்பெயர்வும் எமது பதிவுகள் பலவற்றை அழித்துவிட்டன. முப்பது ஆண்டுகளுக்கு முன் எமது கிணற்று நீர் எப்படியிருந்தது என்று கேட்டால், பல ஊர்களில் முதியோரின் நாவின் நினைவைத் தவிர வேறு சான்றில்லை. எமது பேரப்பிள்ளைகள் அதே கேள்வியைக் கேட்கும்போது அந்நிலை இருத்தலாகாது. அதற்குப் பெருந்திட்டங்கள் வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. ஆண்டுதோறும் ஒரு மாணவர், ஒரு கிராமம், ஒரு நல்ல கேள்வி என்று தொடங்கினாற்கூடப் போதுமானது. வரும் மாரிக்கு முன் அக்கேள்வியை எழுதிவைக்க எமது இளம் பொறியியலாளர்கள் முன்வருவார்களா?